ஊசியை மட்டும் மாற்றும்போது நேரும் தவறுகள்

சென்ற மார்கழியில், இசைத்தட்டுச் சுழற்றும் என் டர்ன்டேபிளில், ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்குறிப்பாக்கும் கார்ட்ரிட்ஜில் இருந்த நீள்வட்ட முனை ஊசியைக் கழற்றிவிட்டு, அதே உடலில் பொருந்தும், இன்னும் மெல்லிய முனையுள்ள மைக்ரோலைன் ஊசியைப் பொருத்தினேன். முதல் தட்டிலேயே சகர ஒலிகள் முன்பைவிடக் கரகரத்தன. ஊசியில்தான் குறை என்று எண்ணிக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டேன்; ஆனால் குறை நான் பொருத்திய விதத்தில் இருந்தது. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் பரணிலிருந்து பழைய எல்.பி. தட்டுகளை இறக்கிக் கேட்கும் நண்பர்கள் பலரும் இதே இடத்தில் தடுமாறுவதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

மூவிங் மேக்னட் வகைக் கார்ட்ரிட்ஜில் கம்பிச்சுருள்கள் உடலுக்குள் இருக்கின்றன; வைர முனை, அதைத் தாங்கும் மெல்லிய தண்டான கான்டிலீவர், அதன் மறுமுனையிலுள்ள காந்தம், அதைப் பிடித்திருக்கும் ரப்பர் ஆகிய அனைத்தும் கையால் கழற்றக்கூடிய ஊசிப் பகுதியில் இருக்கின்றன. அதனால்தான் ஊசியை மட்டும் உயர்ந்த வகைக்கு மாற்றினாலும் ஒலி அவ்வளவு மாறுகிறது. மூவிங் காயில் வகையில் சுருளே கான்டிலீவரோடு சேர்ந்து அசைவதால், பெரும்பாலானவற்றில் வீட்டில் ஊசி மாற்ற இயலாது.

முதல் தவறு, பெயர் ஒத்திருப்பதைக் கண்டு வாங்கிவிடுவது. ஆடியோ-டெக்னிகாவின் வி.எம்.95 வரிசையில் எந்த ஊசியும் எந்த உடலிலும் பொருந்தும். ஆனால் அதற்கு முந்தைய ஏ.டி.95இ உடலில் அவை பொருந்தா. ஆர்டோஃபோன் 2எம் ரெட் உடலில் ப்ளூ ஊசியைப் போடலாம்; ப்ரான்ஸ் (Bronze), பிளாக் இரண்டும் வேறு உடலைப் பகிர்ந்துகொள்பவை. ஆகவே டர்ன்டேபிளின் பெயரைச் சொல்லிக் கேட்காமல், கார்ட்ரிட்ஜ் உடலில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்துக் கேளுங்கள். உற்பத்தி நின்றுபோன கார்ட்ரிட்ஜ்களுக்கு இன்னொரு கவனமும் தேவை. ஷூர் நிறுவனம் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது; அவற்றுக்குப் பல ஆண்டுகளாகப் பெட்டியிலேயே கிடந்த ஊசி கிடைத்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் முனை தேயாவிட்டாலும் உள்ளிருக்கும் ரப்பர் இறுகியிருக்கக்கூடும். ஜப்பானின் ஜிகோ போன்றோர் புதிதாகச் செய்யும் மாற்று ஊசியையே நான் தேர்ந்தெடுப்பேன்.

அடுத்தது எடை, அதாவது ஊசி தட்டை அழுத்தும் அளவு. எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உண்மையில் எடை போதாத ஊசி, ஒலி பதிந்த பள்ளத்தின் சுவரைப் பற்ற முடியாமல் துள்ளி, அதைச் சிதைக்கிறது. நீள்வட்ட முனையுள்ள வி.எம்.95இ-க்கும் அதன் மைக்ரோலைன் ஊசிக்கும் 1.8 முதல் 2.2 கிராம் வரை என்பது அளவு. நடுவில் 2 கிராமில் வைப்பது பாதுகாப்பானது. கார்ட்ரிட்ஜைத் தாங்கும் டர்ன்டேபிள் கையின் (டோன்ஆர்ம்) பின்பக்க எடையிலுள்ள கோடுகளை மட்டும் நம்பாமல், 0.01 கிராம் காட்டும் சிறு தராசில் அளந்து பாருங்கள். அளக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சென்னை வீட்டில் அந்த இரண்டு நிமிடம் வியர்த்தாலும், காற்று பட்டால் எண் ஓரிடத்தில் நிற்காது. தராசின் தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் அதை இழுத்துப் பொய்யான எண்ணைக் காட்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நான் செய்த தவறு மூன்றாவது: கோணத்தைச் சரிபார்க்காமல் விட்டது. உருண்டை முனை எந்தப் பக்கம் திரும்பினாலும் உருண்டைதான். ஆனால் மைக்ரோலைன், ஷிபாட்டா போன்ற முனைகள் பள்ளத்தின் சுவரை மெல்லிய நெடுங்கோடாகத் தொடுவதால், சற்றே திரும்பியிருந்தாலும் ஒரு சுவரை முன்னும் மறு சுவரைப் பின்னுமாகப் படிக்கின்றன. நீள்வட்ட முனை இதுவரை மறைத்துவந்த பிழையைப் புதிய முனை வெளிக்காட்டிவிடுகிறது. அந்தப் பிழை முதலில் காதில் படுவது தட்டின் உட்பகுதியில்தான். நிமிடத்துக்கு 33⅓ சுழற்சியில் வெளி விளிம்பில் நொடிக்கு ஏறத்தாழ 51 செ.மீ. ஓடும் பள்ளம், லேபிளை நெருங்கும்போது 21 செ.மீ. அளவுக்குக் குறைகிறது, அதே ஒலி பாதிக்கும் குறைந்த நீளத்தில் நெருக்கியடித்து எழுதப்பட்டிருக்கிறது. கச்சேரித் தட்டின் இறுதியில் வரும் தில்லானா அங்கேதான் இருக்கிறது. நல்ல ஊசிக்குக் கொடுத்த பணத்தின் பயன் முழுவதும் அந்தக் கடைசிச் சில நிமிடங்களில் கிடைப்பதாகவே நான் கருதுகிறேன். அதனால் ஊசியைப் பொருத்தியதும் கோணம் சரிபார்க்கும் புரொட்ராக்டர் அட்டையில் வைத்து இரண்டு புள்ளிகளிலும் நேராக நிற்கிறதா என்றும், முன்னிருந்து பார்க்கும்போது ஒருபக்கம் சாயாமல் இருக்கிறதா என்றும், தட்டின்மேல் வைத்தபோது கை தட்டுக்கு இணையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கையின் நுனியில் கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் ஹெட்ஷெல்லின் திருகுகளைத் தளர்த்தி அரை மில்லிமீட்டர் நகர்த்தியதில் என் வீட்டுக் கரகரப்பு மறைந்தது.

78 சுழற்சித் தட்டுகளில் எல்.பி. ஊசியை வைக்கவே வேண்டாம். அந்தப் பழைய அரக்குத் தட்டின் பள்ளம் மிகவும் அகலமானது. மெல்லிய முனை அதன் அடியில் உருண்டு இரைச்சலைத்தான் எடுக்கும், விரைவில் கெட்டும்போகும். வி.எம்.95 வரிசையிலேயே இதற்கெனத் தனி ஊசி இருக்கிறது.

கழற்றும்போது கான்டிலீவரில் விரல் படாமல் பிளாஸ்டிக் பகுதியை மட்டும் பிடியுங்கள். துடைக்கும்போது பின்னிருந்து முன்னோக்கி மட்டுமே தூரிகை செல்ல வேண்டும்.

விலையைப் பார்த்துத் தயங்குபவர்களுக்கு ஒரு கணக்கு. ஆடியோ-டெக்னிகா தரும் அளவின்படி நீள்வட்ட முனை சுமார் 300 மணி நேரமும், மைக்ரோலைன் சுமார் 1,000 மணி நேரமும் உழைக்கும். இருபக்கமும் சேர்த்து நாற்பது நிமிடம் ஓடும் ஒரு எல்.பி.யை நாள்தோறும் கேட்டால், முதலாவது ஒன்றேகால் ஆண்டிலும் இரண்டாவது நான்கு ஆண்டுகளிலும் மாற்றத்துக்கு வரும். பொருத்திய தேதியை ஊசிப் பெட்டியின் மூடியில் அன்றே எழுதி வைத்துவிடுங்கள்.