கலர் ஃபில்டர் காப்புரிமை: பரிசோதனையில் சறுக்கும் இடங்கள்

எல்சிடி திரையில் பின்விளக்கின் வெள்ளை ஒளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை, நிறங்களைப் பிரித்துத் தரும் படலமான கலர் ஃபில்டரே விழுங்கிவிடுகிறது. திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள மூன்று நிறத் துண்டுகளில் (சப்-பிக்சல்) சிவப்பு, பச்சையையும் நீலத்தையும் மறிக்கிறது, மற்ற இரண்டும் அப்படியே. ஒன்று முதல் மூன்று மைக்ரோமீட்டர் தடிமனுள்ள இந்தப் படலத்தில் ஒளியை இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடிக்க ஜப்பான், கொரியா, தைவான், சீன நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக விண்ணப்பம் மேல் விண்ணப்பமாகப் போட்டு வந்திருக்கின்றன. ஆகவே புதிதாக ஒருவர் காப்புரிமை கேட்டு வரும்போது, கிட்டத்தட்ட அவருடைய அதே குறுக்குவெட்டுப் படம் காப்புரிமை அலுவலகப் பரிசோதகரிடம் ஏற்கெனவே இருக்கும்: கண்ணாடி, பிளாக் மேட்ரிக்ஸ் (நிறங்களுக்கு நடுவே ஒளியைத் தடுக்கும் கருப்புக் கட்டம்), சிவப்பு, பச்சை, நீலம், மேலே ஓவர்கோட் என்ற மேற்பூச்சு.

படம் ஒரே மாதிரி இருப்பதால் மட்டும் விண்ணப்பம் விழுந்துவிடாது. படத்தில் தெரியாத சங்கதிகள், அதாவது நிறமி, தடிமன், பேக் செய்த வெப்பநிலை, அளந்த முறை இவையெல்லாம் தாக்கல் செய்த நாளிலேயே விவரக்குறிப்பில் (கண்டுபிடிப்பை விளக்கி விண்ணப்பத்தோடு தரும் ஆவணம்) ஏறியிருக்கின்றனவா என்பதில்தான் பெரும்பாலும் முடிவு நிற்கிறது. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970-இன் பிரிவு 59, தாக்கலுக்குப் பிறகு விலக்குதல், திருத்துதல், விளக்குதல் ஆகிய மூன்றுக்கு மட்டுமே இடம் தருகிறது. புதுச் சரக்கு உள்ளே வர முடியாது. பரிசோதகரின் ஆட்சேபங்களைச் சொல்லும் முதல் பரிசோதனை அறிக்கை வந்த பிறகு தலையைப் பிய்த்துக்கொள்ளும் பலருடைய சிக்கல், ஓரிரு ஆண்டு முன்பே அவர்கள் எழுதாமல் விட்ட ஒரு பத்தியில் தொடங்கியது.

எண்ணை மட்டும் எழுதுவது

"பச்சைப் படலத்தின் தடிமன் 2.1 முதல் 2.4 மைக்ரோமீட்டர்" என்று ஒரு கிளெய்ம், அதாவது எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் வாசகம், இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பே வெளியான ஆவணம் ஒன்று 1 முதல் 3 மைக்ரோமீட்டர் என்கிறது. பரிசோதகர் என்ன எழுதுவார்? இந்த வரம்புக்குள் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுப்பது துறை தெரிந்த எவரும் வழக்கமாகச் செய்யும் வேலை என்பார். அந்த எண்ணுக்கு ஏதாவது தனிச்சிறப்பு உண்டென்றால், அதே நிறமி, அதே ரெசின், அதே ஒளிமூலம் வைத்து 1.9-லும் 2.6-லும் என்ன ஆனது என்ற ஒப்பீட்டு உதாரணங்கள் விவரக்குறிப்பில் இருக்க வேண்டும். நல்ல முடிவு வந்த மாதிரியை மட்டும் அட்டவணையில் போட்டு, சரியாக வராதவற்றை ஆய்வக நோட்டிலேயே விட்டுவிடுவது இங்கே மிகவும் பரவலான தவறு. வராத மாதிரிகள்தான் எண்ணின் எல்லையைக் காட்டுகின்றன.

தடிமனை எப்போது அளந்தீர்கள் என்பதும் முக்கியம். போஸ்ட்-பேக் செய்யும்போது, அதாவது கடைசியாகச் சூடேற்றி இறுக்கும்போது, படலம் சுருங்கும். முன்பா, பின்பா என்று சொல்லாத தடிமன் தெளிவற்ற கிளெய்ம் என்ற ஆட்சேபத்தைக் கேட்டு வாங்குகிறது.

நிறத்தைச் சொல்லும் எண்களில் இதைவிடப் பெரிய பள்ளம் உண்டு. சிஐஇ 1931 முறையில் எக்ஸ், ஒய் என்ற இரு ஆயங்கள் நிறத்தையும், பெரிய ஒய் பிரகாசத்தையும் குறிக்கும். ஒரே படலத்தைத் தரநிலை ஒளி 'சி'யில் அளந்தால் ஓர் எண், எல்ஈடி பின்விளக்கில் அளந்தால் வேறோர் எண். ஒளிமூலத்தை எழுதாமல் ஆயங்களை மட்டும் கிளெய்மில் வைத்தால், அது எந்தப் படலத்தைக் குறிக்கிறது என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. "உயர்ந்த நிறத் தூய்மை", "சிறந்த ஒளி ஊடுருவல்" போன்ற சொற்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். விளம்பரத்துக்கு ஆகும், கிளெய்முக்கு ஆகாது.

நிறமிக் கலவையும் பிரிவு 3-உம்

பரிசோதனையில் சட்டமும் வேதியியலும் நேருக்கு நேர் முட்டிக்கொள்வது இங்கேதான். பச்சை சப்-பிக்சலுக்குப் பிக்மென்ட் கிரீன் 58-உடன் பிக்மென்ட் யெல்லோ 138 கலப்பது துறையில் எல்லாருக்கும் தெரிந்த கூட்டு. அதற்கு முன் செம்பு அடிப்படையிலான கிரீன் 36 புழங்கியது. துத்தநாக அடிப்படையிலான 58 வந்ததும் பிரகாசம் கூடியது. இப்போது நீங்கள் மூன்றாவதாக ஒரு மஞ்சள் நிறமியைச் சேர்த்திருக்கிறீர்கள் என்றால், எவையெல்லாம் கண்டுபிடிப்பாகாது என்று பட்டியலிடும் பிரிவு 3-இன் உட்பிரிவு 3(இ) காத்துக்கொண்டிருக்கும். கூறுகளின் பண்புகள் வெறுமனே கூடிவரும் கலவைக்குக் காப்புரிமை இல்லை என்பது அதன் சாரம். கூட்டாகச் சேர்ந்ததால் தனித்தனியே எதிர்பார்க்க முடியாத விளைவு வந்தது என்று காட்ட வேண்டும்.

எப்படிக் காட்டுவது? பலர் ஒரே தடிமனில் இரண்டு படலங்களை வைத்து, "எங்களுடையது பிரகாசமானது" என்கிறார்கள். விஷயம் தெரிந்த பரிசோதகரிடம் இது எடுபடாது. நிறம் வெளிறினால் பிரகாசம் தானாகவே ஏறும், அதில் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. இரண்டு படலங்களையும் ஒரே நிற ஆயத்துக்குக் கொண்டுவந்து, அதாவது சின்ன ஒய் மதிப்பைச் சமமாக்கி, அப்புறம் பெரிய ஒய்-ஐ ஒப்பிட வேண்டும். தொழிற்சாலையில் ரெசிஸ்ட் (ஒளிபட்டு இறுகும், நிறமி கலந்த பூச்சு) வாங்குபவர் பார்ப்பதும் இந்த எண்ணைத்தான். பழைய கூட்டு, மூன்றாவது நிறமி மட்டும், மூன்றும் சேர்ந்தது என எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணையில் இது இருந்தால் 3(இ) ஆட்சேபத்துக்கு உருப்படியாகப் பதில் சொல்லலாம்.

பிரிவு 3(டி) மருந்துகளுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் மருந்து நிறுவனமான நோவார்டிஸின் வழக்கில் அந்தப் பிரிவை விளக்கியதிலிருந்து வந்த மயக்கம் இது. சட்டத்தின் வாசகம் "அறியப்பட்ட பொருள்" என்றே பேசுகிறது. பிக்மென்ட் ரெட் 254 பெயிண்ட்டுகளில் நெடுநாளாக உள்ள நிறமி. அதைத் திரையில் பயன்படுத்தினேன் என்பது மட்டுமே உங்கள் கிளெய்ம் என்றால், தெரிந்த பொருளுக்குப் புதுப் பயன்பாடு என்ற கதவு சாத்தப்படும். நிறமித் துகளின் அளவு, அதைச் சிதறவைக்கும் டிஸ்பெர்சன்ட், கலவையின் நிலைப்புத்தன்மை என்று நீங்கள் உண்மையில் செய்த வேலை கிளெய்முக்குள் வர வேண்டும்.

அடுத்தது 3(எஃப்). தெரிந்த சாதனங்களை வெறுமனே அடுக்கி, ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குத் தனியாக இயங்கினால் அது கண்டுபிடிப்பாகாது. கலர் ஃபில்டர், அதன்மேல் டச் சென்சார், அதன்மேல் கவர் கிளாஸ் என்ற அடுக்கு இதில் மாட்டிக்கொள்ளும். இதிலிருந்து வெளியே வரும் வழிக்கு நல்ல உதாரணம் 2021-இல் சந்தைக்கு வந்தது. பின்விளக்கு இல்லாமல் தானே ஒளிரும் ஓஎல்ஈடி திரையில் உலோக மின்முனை வெளிச்சத்தைப் பிரதிபலிக்காமல் இருக்க வட்ட போலரைசர் என்ற படலத்தை ஒட்டுவது வழக்கம். ஆனால் அது திரையின் ஒளியிலும் பாதிக்கு மேல் தின்றுவிடும். சாம்சங் டிஸ்ப்ளே, கேலக்ஸி இசட் ஃபோல்டு 3 திரையில் போலரைசரை எடுத்துவிட்டு, காற்றும் ஈரமும் புகாமல் மூடும் என்கேப்சுலேஷன் படலத்தின் மேலேயே கலர் ஃபில்டரையும் கருப்புத் தடுப்பையும் வைத்தது. ஒளி ஊடுருவல் 33 சதவீதம் கூடியதாகவும் மின்செலவு 25 சதவீதம் வரை குறைந்ததாகவும் அறிவித்தது. அங்கே ஃபில்டரும் கருப்புத் தடுப்பும் சேர்ந்து மூன்றாவது ஒரு பொருளான போலரைசரின் வேலையைச் செய்கின்றன. இப்படி ஒன்றையொன்று சார்ந்த இயக்கத்தை எழுதிக் காட்டினால் அடுக்கு என்ற ஆட்சேபம் தளர்ந்துவிடும். (போலரைசரை நீக்கினேன் என்பதை மட்டும் புதுமையாகச் சொல்லி இனி யாரும் வர முடியாது என்பது வேறு விஷயம்.)

ஆட்சேபத்துக்குத் தப்பான பதில்

பரிசோதகர் டி1, டி2 என்று இரண்டு பழைய ஆவணங்களைச் சேர்த்து, இதில் கண்டுபிடிப்புப் படி, அதாவது துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாத முன்னேற்றம், இல்லை என்கிறார். பதில் இப்படிப் போகிறது: "டி1-இல் எங்கள் பிளாக் மேட்ரிக்ஸ் இல்லை. டி2-இல் எங்கள் ஃபில்டர் இல்லை. ஆகவே எங்கள் கண்டுபிடிப்பு புதியது." கேட்ட கேள்வி வேறு, சொன்ன பதில் வேறு. இரண்டையும் சேர்க்க ஒருவருக்கு ஏன் தோன்றியிருக்காது, அல்லது சேர்த்தாலும் ஏன் வேலை செய்திருக்காது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

கலர் ஃபில்டரில் அதற்கு உண்மையான வாதங்கள் உண்டு. எல்சிடி ஃபில்டருக்கான ரெசிஸ்ட்டை 230 டிகிரி செல்சியஸ் அளவில் போஸ்ட்-பேக் செய்வார்கள். கண்ணாடிக்கு அது ஒன்றும் செய்யாது. ஓஎல்ஈடியின் கரிமப் படலங்களோ 100 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே கெடத் தொடங்கும். எனவே எல்சிடி ஃபில்டரைத் தூக்கி ஓஎல்ஈடி மேல் வைப்பது எளிது என்று பரிசோதகர் சொன்னால், அது எளிதில்லை என்று மறுக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: குறைந்த சூட்டில் இறுகும் ரெசிஸ்ட் என்ற கூறு உங்கள் கிளெய்முக்குள் இருக்க வேண்டும். "ஓஎல்ஈடி, அதன்மேல் கலர் ஃபில்டர்" என்று மட்டும் கிளெய்ம் எழுதிவிட்டு, பதிலில் பேக்கிங் வெப்பநிலை பற்றி நாலு பக்கம் வாதாடுவதை நிறையவே பார்க்கலாம். வாதம் சரிதான், கிளெய்ம் அதைத் தாங்கவில்லை.

விலை குறையும் என்பதை மட்டும் வைத்து வாதாடுவதும் போதாது. சட்டத்தில் பொருளாதார முக்கியத்துவம் என்ற சொல் இருக்கிறது, உண்மை. அதற்கப்புறம், துறை தெரிந்தவருக்கு வெளிப்படையாகத் தோன்றாததாக இருக்க வேண்டும் என்ற வரியும் இருக்கிறது.

இன்னொரு தவறு பணத்தை மிச்சம் பிடிக்கப் போய் வருவது. பத்து கிளெய்முக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் 320 ரூபாய், பெரிய நிறுவனத்துக்கு 1600 ரூபாய் கூடுதல் கட்டணம் என்பதால், செய்முறை பற்றிய கிளெய்மைத் தாக்கலின்போதே வெட்டிவிடுகிறார்கள். பிறகு கட்டமைப்பு பற்றிய கிளெய்ம் விழுந்து, செய்முறை மட்டும் நிற்கும் நிலை வந்தால் அதை உள்ளே கொண்டுவருவது பெரும்பாடு. திருத்திய கிளெய்ம் முன்பிருந்த கிளெய்ம்களின் வரம்புக்குள் முழுதாக அடங்க வேண்டும் என்பதும் பிரிவு 59-தான்.

தேடல்

பழைய காப்புரிமை ஆவணங்களைத் தேடும்போது, எல்சிடிக்கான காப்புரிமை வகைப்பாட்டு எண் ஜி02எஃப் 1/1335-இல் மட்டும் தேடிவிட்டு, எதுவும் இல்லை என்று நிம்மதியடைவது ஆபத்து. ஓஎல்ஈடி கலர் ஃபில்டர்கள் இப்போது எச்10கே 59/38-இல் இருக்கின்றன. பொதுவான ஒளி ஃபில்டர்கள் ஜி02பி 5/20, ரெசிஸ்ட் வேதியியல் ஜி03எஃப் 7. கேமரா பக்கத்தையும் மறக்கக் கூடாது. கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976-இல் பெற்ற 3,971,065 எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை பட உணரிக்கானது. ஆனால் நீங்கள் பச்சையை இரட்டிப்பாக்கும் சப்-பிக்சல் அமைப்பைக் கொண்டுவந்தால், அந்த யோசனை கேமராவில் எப்போதோ வந்துவிட்டதே என்று கேட்கப்படலாம். ஜப்பானிய, கொரிய ஆவணங்களில் கணிசமானவை அந்தந்த மொழியில் மட்டுமே வெளியானவை. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளமான எஸ்பேஸ்நெட்டின் இயந்திர மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருந்தாலும் அட்டவணை எண்கள் அப்படியேதான் வரும், அதுவே பெரும்பாலும் போதும்.

மேல், கீழ் என்ற திசையையும் எதைப் பொறுத்து என்று சொல்லுங்கள். மேல்வழி ஒளிரும் ஓஎல்ஈடியில் ஃபில்டர் ஒளியுமிழும் படலத்துக்கு மேலே இருக்கும். அடிவழி ஒளிரும் வெள்ளை ஓஎல்ஈடி டிவியில் அது கண்ணாடிக்கும் ஒளியுமிழும் படலத்துக்கும் நடுவே, கீழே இருக்கும். இரண்டிலும் பார்ப்பவருக்கு ஃபில்டர்தான் முன்னால். அடித்தளத்தைப் பொறுத்தா, பார்ப்பவரைப் பொறுத்தா என்ற ஒரு வரி இல்லாததால் கிளெய்மும் படமும் ஒன்றையொன்று மறுப்பதுண்டு.

குவாண்டம் டாட் அடுக்கைக் கலர் ஃபில்டர் என்றே எழுதிவிடுவதும் அப்படித்தான். ஃபில்டர் வேண்டாத ஒளியை உறிஞ்சுகிறது, குவாண்டம் டாட் நீல ஒளியை வாங்கிச் சிவப்பாகவோ பச்சையாகவோ மாற்றி உமிழ்கிறது. குவாண்டம் டாட் சேர்ந்த ஓஎல்ஈடி (க்யூடி-ஓஎல்ஈடி) திரையில் இரண்டும் இருக்கலாம்: மாறாமல் கசியும் நீலத்தை நிறுத்தவும், வெளி வெளிச்சம் டாட்டுகளைத் தூண்டாமல் இருக்கவும் மாற்றும் அடுக்குக்கு மேலே ஃபில்டர் வைப்பார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், உறிஞ்சும் ஃபில்டர் பற்றிய பழைய ஆவணம் ஒவ்வொன்றும் உங்கள் மேல் பாயும். சப்-பிக்சல் வரிசைக்கு ஏற்றபடி படத்தைக் கணக்கிடும் முறையை மட்டும் கேட்டால் பிரிவு 3(கே), அதாவது அல்காரிதம் என்ற ஆட்சேபம் வரும். திரையின் அமைப்போடு அதைக் கட்டி எழுதுங்கள்.

தேதிகள்

கல்லூரிக் கண்காட்சியில் காட்டிவிட்டு, கருத்தரங்கில் கட்டுரை வாசித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து விண்ணப்பிக்க வருவதுண்டு. முன்பே வெளியே காட்டியது புதுமையைக் கெடுத்துவிடலாம். பிரிவு 31 தரும் 12 மாத அவகாசம் எல்லாக் கண்காட்சிக்கும் பொருந்தாது. மத்திய அரசு அரசிதழில் அறிவித்தவை, கற்றோர் சங்கத்தில் வாசித்த கட்டுரை என்று சில வகைகளுக்கு மட்டும்தான். இந்தியாவில் வசிப்பவர் நேராக வெளிநாட்டில் முதலில் தாக்கல் செய்வதற்கும் பிரிவு 39 தடை போடுகிறது: ஒன்று, இங்கே தாக்கல் செய்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், அல்லது முன் அனுமதி வாங்க வேண்டும்.

விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும்படி கேட்கும் கோரிக்கையைத் தர, முன்பு 48 மாதம் இருந்தது. 2024 மார்ச் 15 முதல் தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு அது 31 மாதம். பழைய கணக்கிலேயே காலண்டரில் குறித்து வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ளவும். முதல் பரிசோதனை அறிக்கைக்குப் பதில் தர ஆறு மாதம், கேட்டால் மேலும் மூன்று மாதம். வெளிநாட்டு விண்ணப்ப விவரங்களைப் படிவம் 3-இல் புதுப்பிக்க, அறிக்கை வந்த நாளிலிருந்து மூன்று மாதம் என்பது அதே திருத்தத்தில் வந்தது. பலர் இதைப் பதிலோடு சேர்த்து ஆறாவது மாதத்தில் போடலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

விசாரணை வந்தால், முடிந்த 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வ வாதம் போய்ச் சேர வேண்டும். அதன் பிறகும் பிரிவு 15-இன் கீழ் நிராகரித்தால், மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டதால், சென்னை காப்புரிமை அலுவலகத்தின் விண்ணப்பங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அறிக்கைக்குப் பதிலே தராமல் கைவிடப்பட்டதாகக் கருதப்பட்ட விண்ணப்பத்துக்கு இந்த மேல்முறையீட்டு வழி கிடையாது. ஆட்சேபத்துக்கு நல்ல பதில் கையில் இல்லை என்று தோன்றினாலும், கெடுவுக்குள் ஒரு பதிலைத் தாக்கல் செய்து வைப்பது அதனால்தான்.