24 மணி நேரம் ஓடப்போகும் பைக்கில் எதை முதலில் மாற்றுவது?

லிட்டர் பைக் (1000 சிசி எஞ்சின் கொண்டது) ஒன்றை நீண்டநேரப் பந்தயத்துக்குத் தயார் செய்யப் போகிறேன் என்று யாராவது வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, முன்சக்கரத்தைக் கழற்றி மாட்ட எத்தனை நொடி ஆகிறது என்பதுதான். எக்ஸாஸ்ட், பவர் எல்லாம் அப்புறம். ஜப்பானின் சுசுகா டிராக்கில் நடக்கும் 8 மணி நேரப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மழையோ, விபத்து நடந்தால் எல்லாரையும் மெதுவாக ஓட வைக்கும் சேஃப்டி காரோ குறுக்கிடாத ஆண்டில் ஜெயிக்கும் அணி கிட்டத்தட்ட 220 சுற்று ஓடும். பாடுபட்டு எஞ்சினைத் தட்டிக்கொட்டி ஒரு சுற்றுக்குக் கால் நொடி மிச்சம் பிடித்தாலும் மொத்தத்தில் 55 நொடிதான். சக்கரத்தைத் தாங்கும் தண்டான ஆக்சில் நேராக உள்ளே போகாமல் மல்லுக்கட்டினால், பெட்ரோலுக்கும் டயருக்கும் நிற்கும் ஒரே பிட் ஸ்டாப்பில் அந்த 55 நொடியும் காலி.

அதனால் சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். ரோட்டு பைக்கில் சக்கரத்தைக் கழற்றியதும் இரண்டு பக்கமும் இடைவெளியை நிரப்பும் ஸ்பேசர் வளையங்கள் உதிர்ந்து விழும், பார்த்திருப்பீர்கள். ஒரு இரவுப் பயிற்சியில் அப்படி விழுந்த ஸ்பேசர் கருவி வண்டிக்கு அடியில் உருண்டு போய், டார்ச் அடித்துத் தேடி எடுப்பதற்குள் பிட்டில் எல்லார் முகமும் வெளிறிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் பைக்கில் கையோடு கழன்று வரும் துண்டு எதையும் நான் விட்டுவைப்பதில்லை. ஸ்பேசர் சக்கரத்தோடு ஒட்டி நிற்க வேண்டும், ஆக்சில் நட் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கிலேயே தங்க வேண்டும். பின்பக்கம், டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் காலிப்பரின் தாங்கி, பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்விங்ஆர்மிலேயே இருக்கட்டும். ஸ்ப்ராக்கெட்டும் செயினும் அங்கேயே நின்றுகொள்ள, சக்கரம் மட்டும் உருவிக்கொண்டு வருகிற அமைப்பு கிடைத்தால் கடன் வாங்கியாவது போடுங்கள். ஆக்சிலின் முனையைச் சாய்வாகக் கடைந்துவிட்டால் இருட்டிலும் துளை தேடிப் போகும். பிரேக் பேடின் ஓரங்களையும் அதேபோல் சீவிவிடுங்கள். டிஸ்க் முட்டாமல் வழுக்கி உள்ளே நுழையும். முன்பக்கம் இன்னொரு சிக்கல் இருக்கிறது: டயரின் அகலம் இரண்டு காலிப்பருக்கும் நடுவே வராது, அவை ஒதுங்கி வழிவிட வேண்டும். பெரிய அணிகள் இதற்காகவே ஃபோர்க்கின் அடிப்பாகத்தைத் தனியாகச் செய்துகொள்கின்றன. கடையில் விற்கும் பைக்கை அதிகம் மாற்றாமல் ஓட்டும் ஸ்டாக் வகுப்பில் அந்தச் சுதந்திரம் குறைவு. அங்கே பழக்கம்தான் கைகொடுக்கும். கையுறை போட்டுக்கொண்டு, அரை வெளிச்சத்தில், நூறு தடவை கழற்றி மாட்டிப் பாருங்கள்.

அடுத்தது டேங்க். நீண்டநேரப் பந்தய உலக சாம்பியன்ஷிப்பின் மேல் வகுப்பில் 24 லிட்டர்தான் உச்சவரம்பு. சுசுகாவில் அதை வைத்து 27, 28 சுற்று, அதாவது ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓட்டுகிறார்கள். மூடியைத் திருகித் திறந்து ஊற்ற நேரமில்லை என்பதால், குழாயை அழுத்தியதும் திறந்து எடுத்ததும் தானே மூடிக்கொள்ளும் வால்வு வேண்டும். ஒரு வழியில் பெட்ரோல் இறங்கும்போது இன்னொரு வழியில் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேண்டும். இந்தக் காற்றுவழி குறுகலாக இருந்தால் எவ்வளவு பெரிய குழாய் வைத்தாலும் டேங்க் நிரம்பாது. 24 லிட்டர் என்பது சுமார் 18 கிலோ. அத்தனையும் ஒரு மணி நேரத்தில் காணாமல் போகும். காலி டேங்க்கில் வேகமாகச் சுற்று போட வைத்த சஸ்பென்ஷன் முழு டேங்க்கில் முன்பக்கம் அமுங்கி ஓட்டுபவரை மிரட்டும். எனவே முழு டேங்க்கை வைத்தே அமைப்பை முடிவு செய்து, அப்புறம் காலியானதும் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். போட்டி நடுவே அதை மாற்ற முடியாது. ஆகவே உச்ச ஆர்பிஎம்மைக் கொஞ்சம் இறக்கி, பெட்ரோல் சிக்கனமாகும்படி எஞ்சின் கணினிக்கு மேப் (எரிபொருள் அளவு அட்டவணை) எழுதி, நல்ல ரேடியேட்டர் போட்டு, அதில் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். கூலன்ட் (குளிர்விக்கும் ரசாயனக் கலவை) கொட்டினால் டிராக் எண்ணெய் போல வழுக்கும். எஞ்சினுக்கு அடியில் வரும் வெளிமூடியான கீழ் ஃபேரிங், கொட்டும் திரவத்தைத் தாங்கும் தொட்டியாகவும் இருக்க வேண்டும். எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் தலையில் சிறிய துளை போட்டு, ஸ்டீல் கம்பியை முறுக்கி, போல்ட் இறுகும் திசையில் இழுக்கும்படி கட்டுங்கள். எதிர்த்திசையில் கட்டினால் கட்டாததற்குச் சமம். 2019 சுசுகாவில் உலகப் பட்டத்தை எட்டிப் பிடிக்கப் போன சுசுகி அணியின் எஞ்சின் கடைசி நிமிடங்களில் புகைந்துவிட்டது. சிந்திய எண்ணெயில் முதலிடத்தில் வந்துகொண்டிருந்த கவாசாகி ஓட்டுநர் ஜொனாதன் ரே வழுக்கி விழுந்தார். சுசுகி அணியின் பட்டம் கைநழுவி வேறொரு கவாசாகி அணிக்குப் போனது. அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

சிறிய பந்தய பைக்குகளில் எடை குறைக்க ஸ்டார்ட்டரையும் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரையும் கழற்றுவார்கள். இங்கே அது கூடவே கூடாது. பிட்டில் எஞ்சினை அணைத்தாக வேண்டும், மறுபடி தானே கிளம்ப வேண்டும்; இரவெல்லாம் விளக்கும் எரிய வேண்டும்.

விழுவது பற்றியும் இப்போதே யோசியுங்கள். 24 மணி நேரத்தில் ஒரு முறையாவது விழும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விழுந்தால் ஓட்டுபவர்தான் பைக்கைத் தள்ளியோ ஓட்டியோ பிட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எஞ்சின் பக்கமூடிகளுக்குக் கெட்டியான கவசம் போடுங்கள். ஹேண்டில், லீவர், ஸ்விட்ச் எல்லாம் பொருத்திய ஒரு முழுத் தொகுதியையும், ஃபுட்ரெஸ்ட் தொகுதி இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொன்றையும், விளக்கோடு சேர்ந்த முன் ஃபேரிங்கையும் தயாராகத் தொங்கவிடுங்கள். ஃபேரிங்கின் திருகுகள் கால் சுற்றில் கழல வேண்டும். வயரிங் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளக், ஒவ்வொரு பிளக்கும் வேறு நிறம். உடைந்த ஹேண்டிலைச் சரிசெய்து மாட்டுவதைவிட முழுத் தொகுதியாக மாற்றுவது பல மடங்கு சீக்கிரம் முடியும்.

பைக்கைப் பகிர்வது பெரும்பாலும் மூன்று பேர். உயரமானவருக்கு ஏற்ற ஃபுட்ரெஸ்ட் குட்டையானவருக்கு முட்டும். மூன்று பேரும் குறை சொல்லாத ஒரு இடத்தைக் கண்டுபிடிக்கக் குறைந்தது ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், சீட் ஃபோமுக்கும் சேர்த்து. விடியற்காலை நாலு மணிக்கு மணிக்கட்டு வலிக்கும் ஒருவர் இழக்கும் நொடிகளை எந்த எஞ்சினும் ஈடுகட்டாது.

கடைசியாக விளக்கு. பைக் சாயும்போது வெளிச்சமும் சாய்ந்து, வளைவின் உட்பக்கம் இருண்டுவிடும். நேராகப் பார்க்கும் ஒன்றும் பக்கவாட்டில் விரியும் ஒன்றும் வேண்டும். கராஜ் சுவரில் கோடு போட்டுச் சரிபார்த்தால் பாதி வேலைதான் முடியும். முழு டேங்க்கோடு இரவில் டிராக்கில் இறக்குங்கள், மூன்று பேரில் இருட்டில் ஓட்டத் தயங்குபவர் எவரோ அவரை முதலில் அனுப்புங்கள், அவர் சொல்கிறபடி கோணத்தை வைத்து இறுக்கிவிடுங்கள்.