பிராபபிலிட்டி பேப்பரைப் புரிந்து படிப்பது எப்படி: இரண்டாம் வருட இன்ஜினியரிங் மாணவர்களுக்கு

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களிடம் பிக்யூடி என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். பிராபபிலிட்டி அண்ட் க்யூயிங் தியரி. இசிஇ பசங்களுக்கு அதே இடத்தில் பிராபபிலிட்டி அண்ட் ராண்டம் பிராசஸ். ரெகுலேஷன் மாற மாற பேப்பரின் பெயரும் பாடப்பகுதிகளும் செமஸ்டரும் மாறலாம், ஆனால் மாணவர்கள் சொல்வது மட்டும் வருடா வருடம் ஒன்றுதான்: "கிளாஸ்ல போர்டுல போடும்போது எல்லாம் புரியுது, தனியா உட்கார்ந்தா எந்த ஃபார்முலா போடறதுன்னே தெரியல." மேத்ஸ் 1, மேத்ஸ் 2-வில் நல்ல மார்க் வாங்கியவர்கள்கூட இங்கே அரியர் வைக்கிறார்கள். ஜூனியர்களோடு உட்கார்ந்து இந்தப் பேப்பரைப் போட்டுப் போட்டுப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவதைத்தான் எழுதுகிறேன்.

காரணம் ரொம்ப எளிது. மற்ற கணக்குப் பேப்பர்களில் கேள்வியே சமன்பாடாக வரும், என்ன செய்ய வேண்டும் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். இங்கே கேள்வி ஒரு பத்தியாக வருகிறது, அதிலிருந்து சமன்பாட்டை நீங்கள்தான் உருவாக்க வேண்டும், அந்த வேலைக்குத்தான் பாதி மார்க். ஆனால் அந்த வேலையை யாரும் தனியாகச் சொல்லித் தருவதில்லை, நேராக "பேயஸ் தியரம் அப்ளை பண்ணினா" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் முதலில் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: எந்தக் கணக்காக இருந்தாலும் ஃபார்முலாவைத் தொடுவதற்கு முன் மூன்று வரி எழுத வேண்டும். என்ன சோதனை நடக்கிறது, என்ன ஏற்கனவே தெரிந்துவிட்டது, எதைக் கேட்கிறார்கள். நோட்டில் எழுத வேண்டும், மனதில் நினைத்துக்கொண்டால் போதாது.

எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற போல்ட் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு ஃபேக்டரியில் ஏ, பி, சி என்று மூன்று மெஷின்கள், மொத்த உற்பத்தியில் முறையே 25, 35, 40 சதவீதம் போல்ட் செய்கின்றன. அவற்றில் 5, 4, 2 சதவீதம் பழுது. ஒரு போல்ட் எடுத்தோம், பழுதாக இருக்கிறது. அது பி-யிலிருந்து வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு?

ஃபார்முலாவை மறந்துவிட்டு 10,000 போல்ட் செய்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஏ செய்தது 2,500, அதில் பழுது 125. பி செய்தது 3,500, பழுது 140. சி செய்தது 4,000, பழுது 80. மொத்தப் பழுது 345. இப்போது உங்கள் கையில் இருப்பது அந்த 345-இல் ஒன்று, மீதி 9,655 போல்ட்டுக்கும் இந்தக் கேள்விக்கும் இனி சம்பந்தமே கிடையாது. அப்போ விடை 140/345, அதாவது 28/69, கிட்டத்தட்ட 0.41. அவ்வளவுதான் பேயஸ் தியரம். இதைச் செய்து முடித்த பிறகு ஃபார்முலாவைப் பாருங்கள், மேலே இருப்பது அந்த 140, கீழே இருப்பது அந்த 345 என்று தானாகவே தெரியும். இன்னொன்றும் கவனியுங்கள்: அதிகமாகப் போல்ட் செய்வது சி, ஆனால் பழுதில் அதன் பங்குதான் ஆகக் குறைவு. விடை எழுதியபின் "இது நியாயமாக இருக்கிறதா" என்று ஒரு நிமிடம் இப்படிப் பார்ப்பது கூட்டல் தப்பையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். பரீட்சையில் ஃபார்முலாவைப் போட்டுத்தான் எழுத வேண்டும், சரி, ஆனால் ரஃப் வேலையில் 10,000 வைத்துப் பார்க்க யாரும் தடுக்கவில்லை.

தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்கு

இந்தப் பேப்பரில் கணக்கைவிட ஆங்கில வாக்கியம்தான் பல பேரைக் கவிழ்க்கிறது, வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, ஆங்கில மீடியத்தில் படித்தவர்களும் இதே இடத்தில்தான் விழுகிறார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் போடுங்கள். 'அட் லீஸ்ட் 2' என்றால் 2-உம் அதற்கு மேலும். 'மோர் தேன் 2' என்றால் 3-இலிருந்து. 'அட் மோஸ்ட் 2', 'நாட் மோர் தேன் 2' இரண்டும் ஒன்றுதான், 0, 1, 2. 'கிவன் தட்' வந்தால் கண்டிஷனல் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்தச் சொல்லே இல்லாமல் 'இஸ் ஃபவுண்ட் டு பி டிஃபெக்டிவ்' என்றோ 'அமாங் தோஸ் ஹூ' என்றோ வந்தாலும் அது கண்டிஷனல்தான். போல்ட் கணக்கில் ஒளிந்திருப்பது அதுதான்.

'அட் லீஸ்ட் ஒன்' என்று பார்த்தால் உடனே "ஒன்றுமே நடக்காமல் இருக்க என்ன வாய்ப்பு" என்று கண்டுபிடித்து 1-இலிருந்து கழித்துவிடுங்கள். ஒரு பக்கக் கணக்கு இரண்டு வரியில் முடியும்.

அப்புறம், தமிழ்நாடு அரசின் பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்குப் புத்தகங்களில் நிகழ்தகவு, நிகழ்தகவுப் பரவல்கள் என்று பாடங்கள் இருக்கின்றன, தமிழிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் அந்த இரண்டையும் எடுத்துக்காட்டுகளோடு ஒரு முறை போட்டுவிட்டால் முதல் யூனிட்டில் பாதி முடிந்த மாதிரி. காலேஜ் படிக்கும்போது ஸ்கூல் புத்தகமா என்று நினைக்காதீர்கள், சமவாய்ப்பு மாறி (ராண்டம் வேரியபிள்) என்றால் என்ன என்பதை அங்கே பொறுமையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

லாம்டாவைக் கவனியுங்கள்

பாய்ஸான் (குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை முறை நடக்கிறது என்று எண்ணுவது), எக்ஸ்போனென்ஷியல் (அடுத்தது நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்ப்பது) இரண்டிலும் லாம்டா வருகிறது, முதலாவதில் அது சராசரி எண்ணிக்கை, இரண்டாவதில் வேகம். மார்க் போவது பெரும்பாலும் அங்கேதான். நிமிடத்துக்கு 3 அழைப்பு வருகிறது என்று கொடுத்துவிட்டு 2 நிமிடத்தில் ஒரு அழைப்பும் வராமல் இருக்க வாய்ப்பு என்ன என்று கேட்டால், 3-ஐப் போடக் கூடாது, 2 நிமிடத்துக்கு 6. விடை இ-யின் அடுக்கு மைனஸ் 6, சுமார் 0.0025. எக்ஸ்போனென்ஷியலில் இது திரும்பிக்கொள்ளும்: சராசரிக் காத்திருப்பு 10 நிமிடம் என்றால் லாம்டா 10 கிடையாது, 1/10. 20 நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வாய்ப்பு இ-யின் அடுக்கு மைனஸ் 2, சுமார் 0.1353. தவறிப்போய் 10-ஐப் போட்டால் அடுக்கு மைனஸ் 200 வரும், கால்குலேட்டரில் கிட்டத்தட்ட பூஜ்யம். சராசரியே 10 நிமிடம் இருக்கும் இடத்தில் 20 நிமிடம் காத்திருப்பது நடக்கவே நடக்காதா என்ன? அப்படி ஒரு விடை வந்தால் உடனே லாம்டாவைத் திரும்பிப் பாருங்கள்.

இதே கணக்கில் மெமரிலெஸ் பண்பையும் சேர்த்தே படித்துவிடலாம். ஏற்கனவே 15 நிமிடம் காத்திருந்துவிட்டீர்கள், இன்னும் 20 நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வாய்ப்பு என்ன? அதே 0.1353-தான். இதுவரை காத்திருந்தது கணக்கில் வராது. இரண்டு மார்க் கேள்வியில் அடிக்கடி வரும் பண்பு, நிரூபணமும் மூன்றே வரி.

நார்மல் டிஸ்ட்ரிபியூஷனுக்கு ஒரே ஒரு விஷயம். அட்டவணையில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று பூஜ்யத்திலிருந்து பரப்பைக் கொடுக்கும், அதில் 1-க்கு நேராக 0.3413 இருக்கும். இன்னொன்று இடது கோடியிலிருந்தே கூட்டிக் கொடுக்கும், அதில் 0.8413. நீங்கள் பழகியது ஒன்று, ஹாலில் கொடுப்பது இன்னொன்று என்றால் கணக்கு முழுக்கப் போய்விடும். அட்டவணையைக் கையில் வாங்கியதும் பூஜ்யத்துக்கு நேராக என்ன இருக்கிறது என்று பாருங்கள்: 0 இருந்தால் முதல் வகை, 0.5 இருந்தால் இரண்டாம் வகை. கூடவே மணி வளைவை வரைந்து கேட்ட பகுதியைப் பென்சிலில் நிழலிட்டுவிடுங்கள், கூட்டுவதா கழிப்பதா என்ற குழப்பமே வராது.

இரண்டாவது யூனிட்: படம் போடாமல் இன்டக்ரேட் செய்யாதீர்கள்

டூ டைமென்ஷனல் ராண்டம் வேரியபிள், அதாவது எக்ஸ், ஒய் என்று இரண்டு மாறிகளைச் சேர்த்துப் பார்ப்பது. நிறைய பேர் இந்தப் பேப்பரையே விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். பிரச்சினை இன்டக்ரேஷனில் இல்லை, லிமிட்டில் இருக்கிறது.

ஜாயின்ட் டென்சிட்டி (இரண்டுக்கும் சேர்த்த டென்சிட்டி) 2, எல்லை 0-விலிருந்து 1 வரை, ஆனால் எக்ஸ் எப்போதும் ஒய்-ஐவிடச் சின்னது. எக்ஸின் மார்ஜினல் டென்சிட்டி, அதாவது எக்ஸுக்கு மட்டும் தனியான டென்சிட்டி கேட்கிறார்கள். அவசரத்தில் ஒய்-ஐ 0-விலிருந்து 1 வரை ஓட்டினால் விடை 2 என்று வரும். 0-க்கும் 1-க்கும் நடுவே எங்கும் அதன் மதிப்பு 2 என்றால் மொத்தப் பரப்பே 2 ஆகிறது, அது டென்சிட்டியே இல்லை. இப்போது படம் போடுங்கள். ஒரு சதுரம், மூலைவிட்டம், அதற்கு மேலே உள்ள முக்கோணம்தான் நம் இடம். எக்ஸை ஒரு இடத்தில் நிறுத்தி அங்கிருந்து நேராக மேலே ஒரு கோடு இழுத்தால், அது மூலைவிட்டத்தில் முக்கோணத்துக்குள் நுழைந்து 1-இல் வெளியே வருகிறது. அப்போ ஒய்-யின் லிமிட் எக்ஸிலிருந்து 1 வரை, விடை 2(1 − எக்ஸ்). அதே மாதிரி படுக்கையாகக் கோடு இழுத்தால் ஒய்-யின் மார்ஜினல் 2ஒய். இரண்டையும் 0-விலிருந்து 1 வரை இன்டக்ரேட் செய்து பாருங்கள், 1 வரும். வந்தே தீர வேண்டும், இந்தச் சோதனையை எந்தக் கணக்கிலும் விடாதீர்கள்.

அடுத்து "இண்டிபெண்டண்ட்டா" என்று கேட்பார்கள். இரண்டு மார்ஜினலையும் பெருக்கிப் பார்த்தால் ஜாயின்ட் டென்சிட்டியான 2 வரவில்லை, அதனால் இல்லை. படத்தைப் பார்த்தே முன்கூட்டி ஊகித்திருக்கலாம், எக்ஸ் 0.9 என்று தெரிந்தவுடன் ஒய் அதற்கு மேல்தான் இருக்க முடியும் என்று ஆகிவிடுகிறதே, ஒன்று தெரிந்தால் மற்றதைப் பற்றியும் ஏதோ தெரிகிறது.

கோரிலேஷன் பூஜ்யம் என்றால் இண்டிபெண்டண்ட் என்று எழுதிவிடாதீர்கள். எக்ஸ் −1, 0, 1 சம வாய்ப்பு, ஒய் அதன் வர்க்கம்: கோவேரியன்ஸ் பூஜ்யம், அதனால் கோரிலேஷனும் பூஜ்யம், ஆனால் எக்ஸ் தெரிந்தால் ஒய் முழுசாகத் தெரிந்துவிடும். இந்த ஒரு எடுத்துக்காட்டு போதும்.

க்யூயிங்

வரிசையில் காத்திருப்பதைப் பற்றிய இந்தப் பகுதியை மனப்பாட யூனிட் என்று சீனியர்கள் சொல்லிவைத்திருப்பார்கள். எனக்கு இந்தப் பேப்பரிலேயே அழகான பகுதி இதுதான். 1909-இல் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற டேனிஷ் கணித அறிஞர் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் தொடங்குகிறது இந்தப் பாடம். வெறும் ஃபார்முலாவாகப் பார்க்காமல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு கவுன்டர், வருகை பாய்ஸான், சேவை நேரம் எக்ஸ்போனென்ஷியல் (எம்/எம்/1 என்பது இதுதான்), மணிக்கு 10 பேர் வருகிறார்கள், மணிக்கு 12 பேரை அனுப்ப முடியும். சராசரியாக அங்கே இருப்பவர்கள் 10/(12 − 10) = 5 பேர், ஒருவர் செலவழிக்கும் நேரம் அரை மணி. இப்போது வருகிறவர்கள் மணிக்கு 11 ஆகட்டும், ஒரே ஒரு ஆள்தான் அதிகம். இருப்பவர்கள் 11 பேர், நேரம் ஒரு மணி. இரண்டு மடங்கு! 12-ஐ நெருங்க நெருங்க வரிசை எங்கேயோ போய்விடும். கவுன்டரில் இருப்பவர் வேகமாகத்தான் வேலை செய்கிறார், ஆனாலும் வரிசை ஏன் தெருவரை நிற்கிறது என்பது இதில்தான் தெரியும்.

மொத்தமாக இருப்பவர்கள், வரிசையில் மட்டும் நிற்பவர்கள், அந்த இரண்டுக்குமான நேரங்கள் என்று வரும் நான்கு ஃபார்முலாவைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். வருகை வேகத்தைச் சராசரி நேரத்தால் பெருக்கினால் சராசரி எண்ணிக்கை, இது லிட்டில்ஸ் லா. மேலே 10-ஐ அரை மணியால் பெருக்குங்கள், 5. ஒன்று தெரிந்தால் மற்றவை வந்துவிடும். கணக்கைத் தொடங்கும்போதே இரண்டு வேகத்தையும் ஒரே அலகுக்கு மாற்றிவிடுங்கள், வருகையை மணிக்கு இத்தனை என்றும் சேவையை ஒருவருக்கு இத்தனை நிமிடம் என்றும் வேண்டுமென்றே கலந்து கொடுப்பார்கள்.

இசிஇ பசங்களுக்கு: கொசைன் அலையில் தீட்டா 0-விலிருந்து 2 பை வரை யூனிஃபார்ம் என்று கொடுத்து ஸ்டேஷனரியா (சராசரி போன்ற பண்புகள் நேரத்தோடு மாறாமல் இருக்கிறதா) என்று கேட்கிற கணக்கைப் போட்டபின், அதையே தீட்டா 0-விலிருந்து பை வரை மட்டும் என்று மாற்றிப் போடுங்கள். முதலில் சராசரி பூஜ்யம், இரண்டாவதில் அது நேரத்தோடு மாறுகிறது, ஸ்டேஷனரி இல்லை. அந்த வித்தியாசம் புரிந்தால் மூன்றாவது யூனிட்டில் பயம் போய்விடும்.

படித்ததைச் சரிபார்க்க பைத்தான் தெரிந்தால் போதும். உங்கள் வகுப்பில் 60 பேர் இருந்தால் யாராவது இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் வர 99 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு, 23 பேருக்கே பாதிக்கு மேல். நம்ப முடியவில்லையா, 1-இலிருந்து 365 வரை 60 ராண்டம் எண்களை எடுத்து, திரும்ப வருகிறதா என்று ஆயிரம் முறை ஓட்டிப் பாருங்கள். பத்து வரி கூட வராது. ஹாஸ்டலில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து இதைச் செய்தவர்கள் அதற்குப் பிறகு 'ஒன் மைனஸ்' தந்திரத்தை மறந்து நான் பார்த்ததில்லை. இன்னும் ஆழமாகப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு என்பிடெல் வகுப்புகளும், ஹார்வர்டின் ஸ்டாட் 110 வகுப்புகளும் யூடியூபில் முழுசாக இருக்கின்றன.

ஏற்கனவே அரியர் வைத்திருக்கிறீர்கள் என்றால், பழைய கேள்வித்தாள்களை வைத்து "எது வரும்" என்று தேடுவதை இந்த முறை தள்ளிவையுங்கள். முதல் யூனிட், இரண்டாம் யூனிட் இரண்டையும் மேலே சொன்ன மூன்று வரிப் பழக்கத்தோடு முழுசாக முடியுங்கள், பிறகு உங்கள் பிரிவுக்கேற்ப மார்க்கோவ் செயினோ (அடுத்த நிலை இப்போதைய நிலையை மட்டுமே பொறுத்திருக்கும் கணக்கு) எம்/எம்/1-ஓ ஒன்றை எடுங்கள். இரண்டு மார்க் கேள்விகள் பத்து, அதுவே 20 மார்க், அதில் பாதிக்கு மேல் டெஃபனிஷனும் சின்னச் சின்னக் கணக்கும்தான், தினமும் நான்கு எழுதிப் பாருங்கள். ஒரு கணக்கு வரவில்லை என்றால் விடையைத் திறப்பதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் கேள்வியை மட்டும் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள், பாதி நேரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கே மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்துவிடும்.