ஒரே போன் லைன், நாலு கம்ப்யூட்டர்
2001-ல் எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் டயல்-அப் ரவுட்டரைப் பொருத்தியது நான்தான்; போன் லைனில் டயல் செய்து கிடைக்கும் இணையத்தை எல்லா கம்ப்யூட்டருக்கும் பகிரும் பெட்டி அது. வெளி மோடத்தை (கம்ப்யூட்டர் தகவலைப் போன் லைனில் அனுப்பி வாங்கும் கருவி) சீரியல் கேபிளால் ரவுட்டரோடு இணைத்து, அந்த இணைப்பின் (போர்ட்) வேகத்தை விநாடிக்கு 115200 பிட் என்று வையுங்கள். கம்ப்யூட்டர்களுக்கு ஐ.பி. முகவரியை (நெட்வொர்க்கில் ஒவ்வொன்றையும் அடையாளம் காட்டும் எண்) ரவுட்டரே கொடுத்துவிடும்.

ரொம்ப முக்கியம் ஐடில் டைம்-அவுட். 5 நிமிடம் யாரும் இணையத்தைத் தொடாவிட்டால் லைன் துண்டிக்கும்படி வையுங்கள். ஆனால் ஏதாவதொரு கம்ப்யூட்டரில் மெயில் புரோகிராம் 3 நிமிடத்துக்கு ஒருமுறை புது மெயில் தேடினால், லைன் கட்டாகவே ஆகாது. எங்கள் மோடத்தின் சிவப்பு விளக்கு ராத்திரி முழுக்க எரிந்தது போன் பில் வந்தபிறகுதான் புரிந்தது. முதலில் அந்தத் தானியங்கி மெயில் தேடலை நிறுத்துங்கள்.

வி.90 என்ற தரத்தில் இயங்கும் மோடத்தில் 56கே (விநாடிக்கு 56 கிலோபிட்) வேகம் என்பது இறக்குவதற்கு மட்டும், அனுப்ப 33.6 கிலோபிட்தான். பெரிய ஃபைலைச் சாப்பாட்டு நேரத்தில் அனுப்புங்கள். பக்கத்து அறை எக்ஸ்டென்ஷன் போனையும் கழற்றிவிடுங்கள், யாராவது ரிசீவரை எடுத்தால் லைன் அறுந்துவிடும்.