கோபக்காரப் பிள்ளையும் மூன்று கட்டம் போட்ட நோட்டும்

என் மகனுக்கு ஏழு வயது நடக்கும்போது ஒரு சாயங்காலம் கணக்கு நோட்டைக் கிழித்தான், பென்சிலை உடைத்தான், தடுக்கப் போன என் கையைக் கடித்தான். பல் பதிந்த இடம் இரண்டு நாள் நீலம் பாரித்துக் கிடந்தது. "அடியாத மாடு படியாது" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. நானும் அடித்துப் பார்த்தவள்தான். அடித்த அன்று அடங்குவான். மறுநாள் அதே அடியைத் தங்கைக்குக் கொடுப்பான். இப்போது அவனுக்குப் பதினொன்று. கோபம் அடியோடு போய்விடவில்லை. ஆனால் அநேகமாக தினமும் நடந்த ரகளை மாதத்துக்கு ஓரிரு முறையாகக் குறைந்திருக்கிறது. என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

முதல் வேலை, ஒரு நோட்டு எடுத்துப் பக்கத்துக்கு மூன்று கட்டம் போடுங்கள். ரகளைக்கு முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், அதற்குப் பிறகு என்ன நடந்தது. நடத்தை சிகிச்சை தருபவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குவார்கள். 'கோபப்பட்டான்' என்று எழுதினால் பிரயோஜனமில்லை. 'டிவியை அணைத்தேன். ரிமோட்டை எறிந்தான். 15 நிமிடம் அழுதான். திரும்பப் போட்டுவிட்டேன்' என்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். நேரத்தையும் குறியுங்கள். இரண்டு வாரம் போதும்.

என் நோட்டில் முதல் கட்டம் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருந்தது: பள்ளி விட்டு வந்த முதல் ஒரு மணி நேரம், பசி, நான் 'வீட்டுப்பாடம்' என்று வாயெடுத்த நிமிடம். என்னைச் சுட்டது மூன்றாவது கட்டம்தான். பாதிக்கு மேற்பட்ட நாட்கள் கடைசியில் பாடத்தை மூடிவைத்தது நான். அவன் கத்தினால் பாடம் நின்றது, நான் விட்டுக்கொடுத்தால் கத்தல் நின்றது. அவனை நானும் என்னை அவனும் பழக்கியிருக்கிறோம். ஜெரால்ட் பேட்டர்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் குடும்பங்களை அவரவர் வீட்டிலேயே கவனித்து விவரித்த சுழல் இது.

ஆகவே முதல் கட்டத்தில் கை வைத்தேன். வந்ததும் வயிற்றுக்கு ஏதாவது. பிறகு அரை மணி நேரம் யாரும் அவனை ஒன்றும் கேட்பதில்லை. அதன் பிறகு பத்து நிமிடப் பாடம், டைமர் வைத்து. பக்கத்தில் பத்துக் கணக்கு இருந்தால் மூன்றை மட்டும் விட்டு மீதியை வெள்ளைத்தாளால் மூடிவிடுவேன். டிவியை அணைக்க வேண்டுமென்றால் ஐந்து நிமிடம் முன்பே பக்கத்தில் போய் உட்கார்ந்து, தோளைத் தொட்டுச் சொல்வேன். சமையலறையிலிருந்து கத்திச் சொன்னது எதுவும் அவன் காதில் ஏறியதே இல்லை. "ஷூவைக் கழற்றுறியாப்பா?" என்று கேட்டால் "மாட்டேன்" என்பதும் ஒரு பதில். "ஷூவைக் கழற்றி வை" என்று ஒரே ஒரு வேலையைச் சொல்லிவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள்.

விட்டுக்கொடுப்பதை நிறுத்தியதும் ரகளை குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் கூடும். இத்தனை நாள் பலித்த வழி திடீரென்று பலிக்காவிட்டால் யாரும் இன்னும் ஓங்கித்தான் தட்டுவார்கள். நான்காம் நாள் முக்கால் மணி நேரக் கத்தலுக்குப் பிறகு நான் விட்டுவிட்டேன். முக்கால் மணி நேரம் கத்தினால் கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொண்டான். அதைச் சரிசெய்ய ஒரு மாதம் பிடித்தது.

ரகளை உச்சத்தில் இருக்கும்போது நியாயம் பேசாதீர்கள். யோசித்து நிதானிக்க வைக்கிற மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்ட வேண்டும். ஏழு வயதுப் பிள்ளையிடம் அந்த நேரத்தில் அது கைகொடுக்காது. தங்கையை அடுத்த அறைக்கு அனுப்புவேன், கத்தரிக்கோல், கண்ணாடிச் சாமான்களை எடுத்துவிடுவேன், அவன் கை எட்டாத தூரத்தில் தரையில் உட்காருவேன். "நான் இங்கேயே இருக்கேன்." அவ்வளவுதான் பேச்சு. கத்தல் விம்மலாகும், விம்மல் தேம்பலாகும். முழங்கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு மெல்ல நகர்ந்து வந்து, தன் கால் விரலால் என் கால் கட்டைவிரலைத் தொடுவான். முடிந்தது என்று அர்த்தம். அப்போதும் பாடம் நடத்த மாட்டேன். எறிந்ததை இருவரும் சேர்ந்து பொறுக்குவோம், பேச்செல்லாம் மறுநாள்தான்.

இதையெல்லாம் தாங்குகிற ஒன்று உண்டு. தினமும் ஐந்து நிமிடம் அவன் சொல்கிற விளையாட்டு. அதில் கட்டளை, கேள்வி, திருத்தம் மூன்றும் கிடையாது. "சிவப்புக் கட்டையை மேல வைக்கிற" என்று பார்ப்பதைச் சொன்னால் போதும். அன்று அவன் கடித்திருந்தாலும் அந்த ஐந்து நிமிடத்தைப் பறிக்காதீர்கள்.

தன்னையே காயப்படுத்திக்கொள்வது, சாவைப் பற்றிப் பேசுவது, மற்றவர்களுக்கு ஆபத்தாவது இவற்றில் ஒன்று இருந்தாலும் நோட்டு, டைமர் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். மற்றவர்களும் ஒருமுறை காது, கண், தூக்கம், படிப்புத் திறன் நான்கையும் சோதித்துவிடுங்கள். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். என் மகன் எட்டு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. எட்டு வயதில் சோதித்தபோது அவனுக்கு வாசிப்புக் குறைபாடு இருப்பதும் தெரிந்தது. அன்றிரவு, ஒட்டி வைத்திருந்த அந்தக் கிழிந்த கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். கூட்டல், கழித்தல் எல்லாம் சரியாகப் போட்டிருந்தான். நான்கு வரிக்கு எழுத்தாக இருந்த கணக்கில்தான் பென்சில் தாளைக் குத்திக் கிழித்திருந்தது.