ராப் மிக்ஸில் பேனிங்: நடுவைக் குரலுக்கு விட்டுக் கொடுங்கள்

ராப் பாட்டில் வரிகள் புரியாவிட்டால் பீட் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. பேனிங்கில், அதாவது ஒவ்வொரு ஒலியும் இடம், நடு, வலம் எங்கே கேட்க வேண்டும் என்று வைப்பதில், முதல் வேலை, குரல் உட்காரும் நடுப்பகுதியைக் காலி செய்து கொடுப்பது.

எடுத்த எடுப்பில் பேன் குமிழைத் தொடாதீர்கள். மாஸ்டரை (எல்லா ட்ராக்கும் சேரும் கடைசி வெளியீடு) மோனோவில் (இடம் வலம் பிரியாத ஒற்றை ஒலி) போட்டு, ஃபேடர்களை (ஒலியளவுக் கட்டுப்பாடுகள்) மட்டும் வைத்து லெவல் பாருங்கள். எல்லாம் ஒரே புள்ளியில் குவிந்திருக்கும்போது, 808 (நீண்டு அதிரும் பேஸ் ஒலி) கிக்கை அமுக்குகிறதா, பியானோ குரலை மறைக்கிறதா என்பது பளிச்சென்று தெரியும். அதை ஈக்யூவில் (குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் ஏற்றி இறக்கும் கருவி) சரிசெய்த பிறகு ஸ்டீரியோவுக்கு வாருங்கள். பேன் செய்து சமாளித்த மோதல், மோனோ ஸ்பீக்கரில் அப்படியே திரும்பி வரும்.

கிக், ஸ்னேர், 808, லீட் குரல் நான்கும் நடுவில்தான். அடித்தொனியின் திசை காதுக்குச் சரியாகப் பிடிபடாது. ஒரு பக்கம் தள்ளினால் அந்த ஸ்பீக்கர் மட்டும் தனியாகச் சுமக்கும். வினைலில் இன்னும் மோசம்: இரு பக்கமும் பேஸ் வேறுவேறாக இருந்தால் ஊசி பள்ளத்தை விட்டே குதிக்கலாம். 808-க்கு அகலம் வேண்டுமென்றால், 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோனோவாக்கிவிட்டு மேலே உள்ளதை மட்டும் விரியுங்கள்.

ஹை-ஹாட் வலப்பக்கம் 15 முதல் 25 சதவீதம் போதும். முழுதாக ஓரத்துக்குத் தள்ளினால் ஹெட்போனில் ஒரு காது மட்டும் களைத்துவிடும். அதற்கு எதிர் எடையாக ஷேக்கரோ ஓப்பன் ஹாட்டோ இடப்பக்கம் 30-35 சதவீதத்தில் இருக்கட்டும். ட்ராப் பீட்டில் வேகமான ஹை-ஹாட் ரோல்களைத் தனி ட்ராக்காகப் பிரித்து எதிர்ப்பக்கம் வைத்தால் அழகாக ஓடும்.

சாம்பிள் லூப்பில் (பழைய ரெக்கார்டிலிருந்து வெட்டியெடுத்துச் சுழலவிடும் துண்டு) கவனம் தேவை. 1960-களின் பல ஸ்டீரியோ ரெக்கார்டுகளில் டிரம்ஸ் முழுக்க ஒரு பக்கம், குரல் மறுபக்கம் இருக்கும். பல மென்பொருள்களில் ஸ்டீரியோ ட்ராக்கின் பேன் குமிழ் வெறும் பேலன்ஸ்தான்: வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கத்தில் இருந்தது நகராது, காணாமல் போகும். இடம் வலம் இரண்டையும் தனித்தனியாக நகர்த்தும் பேனுக்கு மாற்றுங்கள், அல்லது பிடித்த ஒரு சேனலை மட்டும் எடுத்து மோனோவாக்குங்கள். 1987-இல் வந்த எஸ்பி-1200 சாம்பிளர் கருவி மோனோவில்தான் சாம்பிள் எடுக்கும். அந்தக் காலத்து பீட்கள் நடுவில் இறுக்கமாக நிற்க அதுவும் ஒரு காரணம். லூப் அகலமாகவே இருக்கட்டும் என்றால், அதன் மிட் சேனலில் (இரு பக்கத்துக்கும் பொதுவான நடு ஒலி) மட்டும் 2-4 கிலோஹெர்ட்ஸை 2 டெசிபல் இறக்குங்கள். குரலுக்கு வழி கிடைக்கும்.

அதிகம் கெடுவது டபுளில்தான், அதாவது லீட் குரலோடு அடுக்கும் அதே வரிகளில்தான். ஒரே டேக்கை காப்பி செய்து இரு ஓரத்திலும் வைத்தால் அகலம் வராது, நடுவில் சத்தம்தான் கூடும். ஒன்றை 15 மில்லி செகண்ட் தள்ளிவைத்தால் ஹெட்போனில் விரிந்த மாதிரி இருக்கும். ஆனால் மோனோவில் இரண்டும் மோதி, 33 ஹெர்ட்ஸில் தொடங்கி சுமார் 67 ஹெர்ட்ஸ் இடைவெளிக்கு ஒரு பள்ளம் விழும். குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போலாகும். ஹுக்கை (திரும்பத் திரும்ப வரும் பல்லவி) இன்னும் இரண்டு முறை தனியாகப் பாட வையுங்கள். ஒன்று முழு இடம், ஒன்று முழு வலம், இரண்டும் லீடைவிட 8-10 டெசிபல் கீழே. டபுள்களில் வரி முடிவில் வரும் 'ஸ்', 'ட்' ஒலிகளைச் சின்ன ஃபேடால் வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஒரே 'ட்' மூன்று முறை சிதறி விழும்.

ஆட்-லிப்களை (வரிகளுக்கு இடையே போடும் சின்னக் குரல்கள்) 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, வரிக்கு வரி இடம் 60, வலம் 60 என மாற்றி வையுங்கள். வெர்ஸில் (சரணம்) பேட், சிந்த் ஒலிகளை 40 சதவீதத்துக்குள் ஒடுக்கி, ஹுக்கில் ஆட்டோமேஷனால் முழுதாகத் திறந்துவிடுங்கள். ஹுக் பெரிதாகக் கேட்பது வெர்ஸ் ஒடுங்கியிருந்ததால்தான்.

நகர்த்திய ஒவ்வொன்றின் ஃபேடரையும் மறுபடி பாருங்கள். பேன் லா (நடுவில் இருக்கும் ஒலியை மென்பொருள் எவ்வளவு இறக்குகிறது என்பது) -3 டெசிபலா -4.5-ஆ என்பதைப் பொறுத்து லெவல் மாறியிருக்கும். பிறகு மீண்டும் மோனோ. ஹுக்கில் ஏதாவது கருவி மறைந்தாலோ, கோரிலேஷன் மீட்டர் (இடமும் வலமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டுவது) பூஜ்யத்துக்குக் கீழேயே நின்றாலோ, வைடனர் (ஒலியை அகலமாக்கும் எஃபெக்ட்) போட்ட ட்ராக்கை முதலில் சந்தேகியுங்கள். கடைசியாக ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டி ஒருமுறை கேளுங்கள். பாட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அப்போது சட்டென்று பிடிபடும்.