செட்டிநாட்டு வீட்டைப் புதுப்பிக்கிறீர்களா? வளவை (நடுமுற்றத்தை) மூடாதீர்கள், மேல்தளத்தைக் கவனியுங்கள்

காரைக்குடியிலும் பள்ளத்தூரிலும் பூர்வீக வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் பேசுவது தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைப் பற்றித்தான். எரிசக்தி விதி என்று ஒன்று இருப்பதே பலருக்குப் பொறியாளரிடம் போன பிறகுதான் காதில் விழுகிறது. எங்கள் வீட்டு வேலைக்காக அதை வரிவரியாகப் படித்துக் கணக்குப் போட்டதால் இதை எழுதுகிறேன். பட்டா, பங்காளிகள் சம்மதம், வரைபட அனுமதி எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

1. விதி உங்களுக்குப் பொருந்துமா?

வீடுகளுக்கான மத்திய அரசின் விதித்தொகுப்பு எக்கோ நிவாஸ் சம்ஹிதா. முதல் பகுதி 2018இல் வந்தது. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கானது, அதாவது சுமார் பன்னிரண்டரை சென்ட். தெருவுக்குத் தெரு நீளும் நம் வீடுகள் பல இதைச் சுலபமாகத் தாண்டிவிடும். மாநில, உள்ளாட்சி விதிகளில் சேரும்போதுதான் இது கட்டாயமாகிறது. ஆகவே உங்கள் வேலைக்கு எது பொருந்தும் என்பதை மாநகராட்சி அல்லது ஊராட்சிப் பொறியாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டாயம் இல்லாவிட்டாலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள், சித்திரை வெயிலில் பலன் தெரியும்.

2. ஜன்னல் கணக்கு

நான் அதிக நேரம் சிக்கிக்கொண்டது இங்கேதான். நம் பகுதி வெப்பமும் ஈரமும் கூடிய மண்டலத்தில் வருகிறது. இந்த மண்டலத்தில், திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும். கவனியுங்கள்: ஜன்னலின் அளவு அல்ல, *திறக்கும்* அளவு. இருபுறமும் திறக்கும் பழைய தேக்குக் கதவு ஜன்னலுக்கு 90 சதவீதம் கணக்கில் வரும். இரண்டு கண்ணாடி நகரும் ஸ்லைடிங் ஜன்னலுக்கு 50 சதவீதம்தான்.

2,400 சதுர அடி என்றால் 400 சதுர அடி திறப்பு வேண்டும். மூன்றுக்கு நான்கு அடி ஜன்னல் தேக்குக் கதவோடு இருந்தால் 10.8 சதுர அடி தரும், ஸ்லைடிங் என்றால் 6. பழைய ஜன்னலைப் பிடுங்கிவிட்டு யு.பி.வி.சி. ஸ்லைடிங் வைக்கச் சொல்லும் ஒப்பந்தக்காரருக்கு இந்த ஒரு கணக்கே பதில். கரையான் அரித்த சட்டத்தை மட்டும் ஆசாரியிடம் கொடுத்து மாற்றுங்கள்.

அடுத்தது வளவு. நேரடி வெளிக்காற்றுக்கோ, திறந்த தாழ்வாரத்துக்கோ திறக்கும் ஜன்னல்கள்தான் எண்ணப்படும். உள்பக்கம் பார்த்த நம் வீடுகளுக்கு அந்த வெளிக்காற்றே வளவு வழியாகத்தான் வருகிறது. மழைக்கும் குரங்குக்கும் பயந்து அதன் மேல் பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடிவிட்டால், சுற்றியுள்ள அத்தனை ஜன்னல்களும் கணக்கிலிருந்து போய்விடும், வீடும் வெந்துபோகும். குரங்குக்குக் கம்பி வலை போதும். மழை நீர் வளவில் விழட்டும், அதைச் சேகரிப்பதும் தமிழ்நாட்டில் கட்டாயமே.

3. சுவர்

சுவர், ஜன்னல் வழியாக வரும் வெப்பத்தின் வரம்பு சதுர மீட்டருக்கு 15 வாட். கனமான செங்கல் சுவரும் சின்னக் கண்ணாடியும் உள்ள வீட்டுக்கு இது பெரிய கவலை இல்லை. நம் மண்டலச் சூத்திரத்தில் சுவருக்கான பெருக்கல் எண் 5.15, கண்ணாடி வழி வரும் வெயிலுக்கு 65.21. மேற்குப் பார்த்துப் பெரிய கண்ணாடி வைக்க ஆசைப்படுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

4. மேல்தளம்: பணத்தை இங்கே போடுங்கள்

மேல்தளத்தின் யு-மதிப்பு (வெப்பத்தை எவ்வளவு கடத்துகிறது என்ற அளவு, குறைந்தால் நல்லது) 1.2க்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு அடுக்கின் தடிப்பையும் (மீட்டரில்) அதன் வெப்பக் கடத்து எண்ணால் வகுங்கள், கூட்டுங்கள், தளத்தின் இருபுறமும் ஒட்டி நிற்கும் காற்றுப் படலத்துக்கு 0.21 சேருங்கள். வந்த தொகையால் ஒன்றை வகுத்தால் யு-மதிப்பு.

ஆறு அங்குல கான்கிரீட் மட்டும் என்றால் சுமார் 3.3. அதன்மேல் நான்கு அங்குலச் சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் போட்டால் 2.1. தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் தளமும் 1.9 அளவில்தான் நிற்கிறது. ஆக, பழைய வீடு தானாகத் தேறிவிடும் என்பது நடக்காத கதை. அது குளிர்ச்சியாக இருப்பதற்கு உயரமும் வளவும் காரணம். வெப்பத்தைத் தடுக்கும் 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். நுரைப் பலகை ஒன்றைச் சேர்த்தால் 0.85க்குக் கீழே வந்துவிடுகிறது.

வெள்ளை குளிர்பூச்சு போதாதா என்று கேட்பார்கள். அது வெயிலைத் திருப்பி அனுப்பும், நல்லதுதான். ஆனால் யு-மதிப்பைக் குறைக்காது. விதிக்குப் பலகை, வெயிலுக்கு வெள்ளைத் தட்டோடு என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்ராஸ் டெரஸ் மேல் சிமெண்டைக் கொட்டாதீர்கள். சுண்ணாம்பில் தங்கிய ஈரம் வெளியேற வழியின்றித் தேக்கு உத்திரத்தின் முனைக்குப் போய்விடும். வேலைக்கு முன் உத்திரம் சுமை தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கருவிகள்

உயரமான கூரைக்கு லேசர் அளவி வாங்குங்கள், ஏணி மிச்சம். எரிசக்தித் திறன் பணியகத்தின் இலவசக் கணிப்புக் கருவி இருக்கிறது, ஆனால் முதலில் தாளில் போட்டுப் பார்த்தால்தான் எந்த ஜன்னல் கெடுக்கிறது என்று புரியும். கூரை மின்விசிறிகளுக்கு 2023 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு கட்டாயம். பி.எல்.டி.சி. என்ற சிக்கன மோட்டார் வகை சுமார் 30 வாட்டில் ஓடும், பழையது 75.

பின்சேர்க்கை: நாட்டு ஓட்டுக் கூரைக்கு என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஓட்டுக்கு அடியில் காற்று இடைவெளி விட்டுப் பலகையைப் பொருத்துங்கள், ஓட்டோடு ஒட்ட வேண்டாம், ஒழுகினால் கண்டுபிடிக்க முடியாது. எந்தக் கூரையானாலும் மூடுவதற்கு முன் பலகையின் தடிப்பு தெரியும்படி அளவுநாடாவோடு படம் எடுத்து, ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். தட்டோடு பதித்த பிறகு 25 மி.மீ. என்று யாருக்கும் காட்ட முடியாது.